புது டிஎஸ்எல்ஆரை முதன்முறை இயக்கிப் பார்ப்பது எப்படி

புது டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க, உள்ளே கண்ணாடியுள்ள கேமரா) கைக்கு வந்ததும் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. கேமராவிலோ லென்ஸிலோ தயாரிப்புக் குறை இருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூடவே, கேமரா எப்படி நடந்துகொள்கிறது என்று பழகவும் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் தொல்லை. பழக்கமின்மையால் வந்த மங்கல் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல லென்ஸைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே கோணலான (உள்கண்ணாடிகள் நேர்வரிசையில் இல்லாத) லென்ஸை வைத்துக்கொண்டு, தன் கைதான் சரியில்லை என்று மாதக்கணக்கில் வருந்துகிறவர்களும் உண்டு. அதனால் கேமராவைச் சரியாக அமைப்பது முதலில், மங்கலின் காரணத்தைப் பிரித்தறியப் பழகுவது அடுத்து, குறை தேடும் சோதனைகள் கடைசியில் என்ற வரிசையில் போவதே நல்லது.

பெட்டியைத் திறந்ததும்

பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யுங்கள். முதல் தடவை எட்டு மணி நேரம் போட வேண்டும், முழுக்கத் தீர்ந்தபின்தான் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்ன விதிகள். இப்போது வருகிற லித்தியம்-அயான் பேட்டரிக்கு அவை பொருந்தாது. சார்ஜர் விளக்கு முடிந்ததாகக் காட்டியதும் கழற்றிவிடலாம்.

பெரும்பாலான கேமராக்கள் எஸ்டி கார்டு கேட்கும். கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அது கீழே நகர்ந்திருந்தால் கேமரா படத்தைச் சேமிக்க மறுக்கும். கார்டைச் செருகும்போது உராய்ந்து தானாகவே நகர்ந்துவிடுவதும் உண்டு. கார்டை கணினியில் ஃபார்மேட் செய்யாமல் கேமராவின் மெனுவிலேயே செய்யுங்கள். அப்போதுதான் அந்தக் கேமராவுக்கு வேண்டிய ஃபோல்டர்கள் சரியாக உருவாகும். பழைய மாடல் ஒன்றை வாங்கியிருந்தால் அது 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள்.

மெனுவில் தேதியும் நேரமும் கொடுத்த கையோடு, கார்டு இல்லாமலும் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) இயங்கும் அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். கடையில் காட்சிக்கு வைப்பதற்காக உள்ள அமைப்பு அது. அணைக்காவிட்டால், கார்டு செருக மறந்த நாளில் கேமரா வழக்கம்போல ‘க்ளிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படமும் இருக்காது.

லென்ஸ் மாட்டுவது

கேமராவை அணைத்துவிட்டு, லென்ஸின் பின்மூடியைத் தளர்த்தித் தயாராக வைத்துக்கொண்டு, பிறகே கேமராவின் மூடியைக் கழற்றுங்கள். வாய்ப்பகுதி தரையைப் பார்த்தபடி இருந்தால் உள்ளே தூசி விழுவது குறையும். முன்னாலிருந்து பார்க்கும்போது கேனானிலும் பென்டாக்ஸிலும் லென்ஸைக் கடிகார முள் திசையில் திருப்பி மாட்ட வேண்டும், நிக்கானில் எதிர்த்திசை. ‘டக்’ என்று பூட்டு விழும்வரை திருப்புங்கள். கேனானில் சிவப்புப் புள்ளி இஎஃப் லென்ஸுக்கு, வெள்ளைச் சதுரம் இஎஃப்-எஸ் லென்ஸுக்கு. குறியோடு குறி சேர்ந்தால் லென்ஸ் தானாக வழுக்கிக்கொண்டு திரும்பும். பலம் போட வேண்டியிருந்தால் ஏதோ தவறு என்று பொருள்.

லென்ஸைக் கடனாகவோ பழையதாகவோ வாங்கிப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் எஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்ப்பகுதியின் அமைப்பு) 1959இலிருந்து வருவது. மாட்ட முடிகிற எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) முழுதாக வேலை செய்யாது. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸும் நல்லதுதான், கேமராவும் நல்லதுதான், பொருத்தம்தான் இல்லை.

கேமராவுக்குள் தெரியும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற கண்ணாடியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். அதன் மேற்பூச்சு வெளிப்புறத்தில் இருக்கிறது, எளிதில் கீறிவிடும். வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) தெரிகிற தூசி பெரும்பாலும் ஃபோகஸிங் ஸ்க்ரீனில், அதாவது காட்சி விழும் உள்தட்டில், இருப்பது. கண்ணுக்கு எரிச்சலாக இருக்குமே தவிர படத்தில் வராது.

கண், கை, அரை அழுத்தம்

வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் டயாப்டர் என்ற ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பிறகு கேமராவில் எல்லாமே கலங்கலாகத் தெரிகிறது என்கிறார்கள். வ்யூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் ஃபோகஸ் புள்ளிகளையும் பார்த்து, அவை கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். வெளியே உள்ள காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது. காட்சியைத் தெளிவாக்குவது லென்ஸின் வேலை. கண்ணாடி அணிகிறவர்கள், படம் எடுக்கும்போது அணியப்போகிறோமா கழற்றப்போகிறோமா என்று முடிவு செய்துகொண்டு இதைச் செய்ய வேண்டும்.

இடக்கையை லென்ஸுக்கு அடியில் தாங்கலாக வையுங்கள், பக்கத்திலிருந்து பிடிக்காதீர்கள். முழங்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். ஷட்டர் பொத்தானைக் குத்தாமல், விரலின் சதையால் மெல்ல அழுத்துங்கள்.

அந்தப் பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தை அளந்து, சின்ன ஒலி எழுப்பும். முழுதாக அழுத்தினால்தான் படம். முதல் அரைமணி நேரம் படமே எடுக்காமல், பாதி அழுத்துவதை மட்டும் பழகினாலும் நட்டமில்லை. அருகில் ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் என்று மாறிமாறி ஃபோகஸ் செய்து பாருங்கள். வெறும் சுவரைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள வெளிச்ச வேறுபாடுள்ள ஒரு விளிம்பு தேவை. மிக அருகில் போனாலும் ஃபோகஸ் கிடைக்காது, ஷட்டர் இயங்க மறுக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 கிட் லென்ஸ்களில் இந்தக் குறைந்தபட்ச தூரம் ஏறத்தாழ 25 செ.மீ. இதை லென்ஸின் முனையிலிருந்து அளப்பதில்லை. கேமராவின் மேற்பகுதியில், ஒரு வட்டத்தைக் கோடு ஊடுருவுவதுபோல உள்ள குறியிலிருந்து, அதாவது படத்தைப் பதியும் சென்சார் இருக்கும் தளத்திலிருந்து அளப்பது வழக்கம்.

தொடக்க அமைப்பு

முழு ஆட்டோவில் பத்துப் படம் எடுத்து, கேமரா இயங்குகிறது என்று உறுதி செய்துகொண்டதும் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். அதற்காக உடனே முழு மேனுவலுக்குத் தாவுவதும் பயன் தராது. அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) என்ற மூன்று எண்களை ஒரே நேரத்தில் துரத்துகிறபோது எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் போகும். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி முறைதான் கற்க நல்லது. கேனானில் அது ஏவி, நிக்கானில் ஏ. அப்பர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

அப்பர்ச்சர் எஃப் 5.6 அல்லது 8. ஐஎஸ்ஓ ஆட்டோ, அதன் உச்சவரம்பு 3200. மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் கேட்டால் 1/125 நொடி கொடுங்கள். ஃபோகஸ் முறை கேனானில் ஒன் ஷாட், நிக்கானில் ஏஎஃப்-எஸ். ஃபோகஸ் புள்ளி நடுவில் உள்ள ஒன்று மட்டும். எல்லாப் புள்ளிகளையும் விட்டுவைத்தால் கேமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். முகத்தைக் குறிவைத்தால் முன்னால் நீட்டிய கை கூர்மையாக வரும்.

கோப்பு வகையை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (சுருக்கி முடித்த படம்) இரண்டும் சேர்ந்த முறையில் வையுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள்தான். ரா கோப்பு பொதுவாக 12 அல்லது 14 பிட். 14 என்றால் 16,384 படிகள். ராவைத் திருத்தத் தெரியாவிட்டாலும் சேமித்து வையுங்கள். இன்று நிறம் தவறிய படத்தை ஆறு மாதம் கழித்து, கற்றுக்கொண்டபின் மீட்டெடுக்கலாம்.

கிட் லென்ஸில் ஜூம் செய்யும்போது 3.5 என்று வைத்த எண் தானாக 5.6 ஆகிவிடுவது கோளாறு அன்று. லென்ஸின் முகப்பில் 3.5–5.6 என்று எழுதியிருப்பதே அதைத்தான் சொல்கிறது. அகலக் கோணத்தில் 3.5 வரை திறக்கும், தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி முனையில் 5.6க்கு மேல் திறக்காது.

மங்கலின் காரணம்

முதல் வாரத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒன்றுதான்: படம் கூர்மையாக இல்லை. படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, மங்கல் எந்த மாதிரியானது என்று பாருங்கள்.

படம் முழுவதும், எல்லாப் பொருளும், ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. விளக்கு போன்ற ஒளிப்புள்ளிகள் சிறு கோடுகளாகத் தெரிவது நல்ல அடையாளம். லென்ஸின் குவிய தூரத்தை (லென்ஸில் மி.மீ. என்று குறித்துள்ள எண்) ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய) சென்சார் என்றால் 1.5ஆல் (கேனானில் 1.6ஆல்) பெருக்குங்கள். கிடைக்கிற எண்ணை 1இன் கீழே போட்டால் கையால் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச வேகம் வரும். 50 மி.மீக்கு 1/80 நொடி, 200 மி.மீக்கு 1/320. லென்ஸில் அதிர்வு நீக்கி இருந்தால் இதைவிடக் குறைவாகவும் போகலாம்.

பின்னணி கூர்மையாக இருந்து, ஆள் மட்டும் அல்லது ஆளின் கை மட்டும் மங்கியிருந்தால் அசைந்தது அவர்தான். அதிர்வு நீக்கி இதற்கு ஒரு உதவியும் செய்யாது, ட்ரைபாடும் செய்யாது. ஷட்டர் வேகம் ஒன்றே வழி. நடக்கிறவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000இலிருந்து 1/2000 வரை. அதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளிகள் தெரியும் கூர்மையான படத்தை ஓரளவு சீர்செய்ய முடியும். அசைவில் மங்கிய முகத்தைச் சரிசெய்ய முடியாது.

முகம் மங்கி, காதோ பின்னால் உள்ள செடியோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து 1 மீட்டர் தூரத்தில் படம் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.5 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தாலே அது காதுக்குப் போய்விடும். நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைக்கும் பழக்கமும் இவ்வளவு குறைந்த ஆழத்தில் ஏமாற்றும். கண்ணுக்கு அருகில் உள்ள புள்ளியையே தேர்ந்தெடுங்கள், அல்லது எஃப் 2.8, 4 என்று மூடுங்கள்.

எதிலுமே கூர்மை இல்லாமல், இழுபடாமல், வெளிச்சத்தைச் சுற்றிப் பால் கலந்ததுபோல இருந்தால் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். விரல்ரேகை இருக்கும், அல்லது குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமான வெளிக்கு வந்ததால் ஈரம் படிந்திருக்கும். ஈரம் தானாக ஆறட்டும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் படியும்.

வெளிச்சம்

கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவரும் சாம்பலாகும், கறுப்புத் துணியும் சாம்பலாகும். ஃப்ரேமை வெள்ளை நிறைத்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 பக்கமும், கறுப்பு நிறைத்தால் −1 பக்கமும் நகர்த்துங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்புத் துணியையும் 0, +1, −1 என்று எடுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் இது புரிந்துவிடும்.

பின்திரையின் பிரகாசத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். இருட்டறையில் எல்லாப் படமும் வெளிச்சமாகத் தோன்றும், வெயிலில் எல்லாமே இருண்டிருக்கும். ஹிஸ்டோகிராமைப் (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமும் காட்டும் வரைபடம்) பாருங்கள், அது வலது சுவரில் மோதி நிமிர்ந்து நின்றால் வெளிச்சப் பகுதிகளில் விவரம் போய்விட்டது. மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கினால் அப்படிப் போன இடங்கள் கண் சிமிட்டும்.

உள்ளமைந்த ஃபிளாஷ் வெகு தூரம் எட்டாது. வழிகாட்டி எண் (ஃபிளாஷின் வலிமை; எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 12 என்றால், ஐஎஸ்ஓ 100இல் எஃப் 4 வைத்து 3 மீட்டர்தான். படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழுந்தால் லென்ஸின் முன்னால் மாட்டிய ஹூடைக் (நிழல் வளையம்) கழற்றுங்கள்.

குறை தேடும் சோதனைகள்

ஒரு மேகமற்ற பகல், ஒரு ட்ரைபாட், ஒரு கணினி இருந்தால் போதும். ட்ரைபாடில் வைத்ததும் அதிர்வு நீக்கியை அணைத்து, 2 நொடி டைமர் போடுங்கள். பொத்தானை அழுத்தும் ஆட்டம் அடங்கியபின் படம் எடுக்கும்.

முதலில் சென்சார். லென்ஸ் மூடியைப் போட்டு, வ்யூஃபைண்டரையும் மூடி, மேனுவல் முறையில் ஐஎஸ்ஓ 100, 1/60 நொடியில் ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். சிவப்போ நீலமோ பச்சையோ ஒரு புள்ளி ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒளிர்ந்தால் அது கெட்ட பிக்சல். அடுத்து 30 நொடி எடுங்கள். இதில் சில நிறப்புள்ளிகள் தெரிவது எல்லாச் சென்சாருக்கும் இயல்பு. 30 நொடி முடிந்தபின் கேமரா இன்னொரு 30 நொடி உறைந்து நின்றால் பயந்து பேட்டரியைப் பிடுங்காதீர்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம் இயங்குகிறது. ஷட்டரை மூடியே இன்னொரு படம் எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழிக்கிறது.

தூசிக்கு: எஃப் 16 அல்லது 22, ஐஎஸ்ஓ 100, கையால் ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்பி, வெறும் வானத்தையோ வெள்ளைத் தாளையோ எடுங்கள். கேமராவை லேசாக அசைத்தபடியே எடுக்கலாம், தாளின் அழுக்கு கலைந்துவிடும். மங்கலான கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், படத்தின் மேலே தெரியும் தூசி சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். புதுக் கேமராவிலும் இரண்டொரு புள்ளி இருப்பது குறையாகாது. மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் ஊதினால் போகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்; அழுத்தக் காற்றுக் குப்பி திரவத்தைத் துப்பக்கூடும். பேட்டரி நிறைய இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நடுவில் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்.

லென்ஸ் கோணலுக்கு, நுணுக்கமான வரிகளுள்ள ஒரு சுவரைத் தேடுங்கள். செங்கல் சுவர் மிக நல்லது. கேமரா சுவருக்குச் சரிநேராக இருக்கட்டும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் நடுவைவிடச் சற்று மங்கியிருப்பது சகஜம். ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால் சந்தேகப்படலாம். அப்போது கேமராவைத் தலைகீழாக வைத்து இன்னொரு படம் எடுங்கள். படத்தின் அதே மூலை மறுபடியும் மங்கினால் குறை லென்ஸில். மங்கல் எதிர் மூலைக்குத் தாவினால் நீங்கள் சுவருக்குச் சரிநேராக நிற்கவில்லை.

ஆட்டோஃபோகஸ் சோதனைதான் டிஎஸ்எல்ஆருக்கே உரியது. வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது படம் பிடிக்கும் சென்சார் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சிறு துணைக்கண்ணாடி, ஒளியின் ஒரு பங்கைக் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் உணரிக்கு அனுப்புகிறது. இரண்டு வழிகளின் நீளமும் இம்மி பிசகினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வ்யூவில் கண்ணாடி மேலே போய்விடுவதால் இந்தப் பிசகுக்கு அங்கே இடமில்லை. இந்த வேறுபாடே நமக்கு அளவுகோல்.

அச்சடித்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, குவிய தூரத்தைப்போல் 50 மடங்கு தொலைவில் ட்ரைபாடை நிறுத்துங்கள், 50 மி.மீ. லென்ஸுக்கு 2.5 மீட்டர். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும், பகல் வெளிச்சம் தாராளமாக இருக்கட்டும். வ்யூஃபைண்டர் வழியாக நடுப்புள்ளியால் ஐந்து படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தை வேறு எங்காவது திருப்பிவிடுங்கள். அடுத்து லைவ் வ்யூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஐந்து படம். லைவ் வ்யூ படங்கள் எல்லாம் கூர்மை, வ்யூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே அளவு மங்கல் என்றால் ஆட்டோஃபோகஸ் பிசகியிருக்கிறது. மெனுவில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) நுண்திருத்தம் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். தொடக்க நிலை பாடிகளில் அது பெரும்பாலும் இராது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வகைப் படங்களும் மங்கல் என்றால் லென்ஸையே சந்தேகியுங்கள். சில கூர்மை, சில மங்கல் என்று கலந்து வந்தால் குறை என்று எழுதிவிட வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி செய்யுங்கள்.

திரையில் வரும் எச்சரிக்கைகள்

அப்பர்ச்சர் எண்ணுக்குப் பதில் 00 அல்லது வெறும் கோடுகள் தெரிந்தால் லென்ஸ் முழுதாகப் பூட்டவில்லை. கேனானில் எர்ர் 01 என்பது லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே பேச்சு அறுந்ததைச் சொல்கிறது. அணைத்து, இரு பக்க உலோகத் தொடுமுனைகளையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து மாட்டுங்கள். நிக்கானில் எஃப்ஈஈ என்று மின்னினால், பழைய லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். கேமராவை இயக்கும்போது மெல்லிய உறுமல் கேட்பது சென்சார் தூசியை உதறுவதால். அதிர்வு நீக்கியுள்ள லென்ஸை அசைத்தால் உள்ளே லேசாகத் தட்டும் ஒலியும் இயல்பே.

சோதனையில் குறை உறுதியானால் அந்தப் படங்களின் ரா, ஜேபெக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். எந்த அப்பர்ச்சர், எந்த வேகம், எந்த லென்ஸ் என்பதெல்லாம் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அனுப்பும்போது பாடியையும் லென்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள். ஃபோகஸ் பிசகு இரண்டின் கூட்டுக் கணக்கு என்பதால், ஒன்றை மட்டும் பார்த்துச் சரி என்று திருப்பித் தந்துவிட வாய்ப்பிருக்கிறது.